கையுறையும் கைத்தொலைபேசியும்

கடந்த நத்தார் விடுமுறையில் ஒரு மாலைப்பொழுது நண்பர் ஒருவரின் இல்லத்தில் நான்கு குடும்பங்கள் கூடியிருந்தோம். வெளியே முழங்காலளவு பனி. உள்ளே கொத்துரொட்டிக்கு ஆயத்தம். வழமையாக இத்தகைய ஒன்றுகூடல்களில் சென்னையிலிருந்து வெளிவந்த புதுப்படம் ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். எவரும் அதை ஊன்றிப் பார்ப்பதில்லை. அன்று வீட்டுக்காரரின் மகள், பல்கலைக்கழகத்திற் பயில்பவள், நகர நூலகத்திலிருந்து சுவீடன் நாட்டுப் படம் ஒன்றின் இறுவட்டை எடுத்து வந்திருந்தாள். "லீவுக்குப் போன இடத்திலை புருசன் பெண்சாதி சண்டை பிடிக்கிற கதை. எங்கடை ஆக்களுக்கு நல்லாய் விளங்கும்" என்று சொல்லிச் சிரித்தாள். படம் இரண்டு மணித்தியாலம். அதன் பின் எழுந்த வாதம் மூன்று மணித்தியாலம். கொத்துரொட்டி ஆறிப்போயிற்று. அந்த வாதத்தைப் பற்றியே இவ்வாரம் எழுதுகிறோம்.

படத்தின் சுவீடன் மொழிப் பெயர் 'தூரிஸ்ற்'. உல்லாசப் பயணி என்பது பொருள். வெளிநாடுகளில் அது 'போர்ஸ் மஜோர்' என்ற பிரெஞ்சுப் பெயரோடு திரையிடப்பட்டது. இது சட்டத்துறையில் வழங்கும் ஒரு தொடர். வெள்ளம், நிலநடுக்கம், போர் முதலிய, மனித ஆற்றலுக்கு அப்பாற்பட்ட ஒன்று குறுக்கிட்டால், ஒப்பந்தத்தை நிறைவேற்றத் தவறியவர் குற்றவாளியாகார் என்பதே அதன் கருத்து. காப்புறுதிப் பத்திரங்களிற் சிறிய எழுத்தில் அது அச்சிடப்பட்டிருக்கும். திருமணமும் ஓர் ஒப்பந்தமாயின், அச்சம் அத்தகைய பேராற்றல்களுள் ஒன்றா? படத்தின் பெயரிலேயே வழக்குத் தொடங்கிவிடுகிறது.

நெறியாளர் ரூபன் ஒஸ்ட்லுண்ட். 2014ஆம் ஆண்டு கான் திரைப்பட விழாவில் இப்படம் 'அன் சேர்ட்டன் ரிகார்ட்' என்னும் பிரிவில் நடுவர் குழுவின் பரிசைப் பெற்றது. இதே நெறியாளர் பின்னர் 2017இலும் 2022இலும் அவ்விழாவின் அதியுயர் விருதாகிய தங்கப் பனையோலையை இருமுறை வென்றார். (அவர்களுக்கும் பனையோலையின் அருமை தெரிகிறது.) ஐரோப்பியத் திரைப்படங்களை நன்கறிந்த வாசகர்கள் இவ்விபரங்களை ஏற்கெனவே அறிவர், ஏனையோருக்காகக் கதையைச் சற்று விரித்துச் சொல்கிறோம்.

தோமஸ், எபா என்னும் வசதியான சுவீடன் தம்பதியர் வேரா, ஹரி என்ற தம் இரு பிள்ளைகளோடு பிரான்சின் அல்ப்ஸ் மலைக்கு ஐந்து நாள் பனிச்சறுக்கு விடுமுறைக்கு வருகின்றனர். கணவன் ஓயாத வேலைக்காரன். இந்த ஐந்து நாள்களும் குடும்பத்துக்கென்றே ஒதுக்கியவை என்று மனைவி முதல் நாளே விடுதியில் அறிமுகமான ஒரு பெண்ணிடம் கூறுகிறாள். மலைச்சரிவில் நிற்கும் புகைப்படக்காரர் ஒருவர் நால்வரையும் ஒருவரையொருவர் அணைத்து நிற்கும்படி சொல்லிச் சொல்லிப் படம் பிடிக்கிறார். பார்ப்போர் பொறாமைப்படும் குடும்பம்.

இரண்டாம் நாள் மதிய உணவு. மலையை நோக்கிய திறந்த மாடத்தில் மேசைகள். தொலைவில் ஒரு வெடியோசை. இம்மலைகளிற் பனி அளவுக்கு மீறித் திரண்டுவிடாமல், சிறிது சிறிதாக வெடிவைத்துச் சரியச் செய்வது வழக்கம். அவ்வாறு இறக்கப்பட்ட சரிவொன்று மாடத்தை நோக்கி வருகிறது. எல்லோரும் வியந்து பார்க்கின்றனர். தோமஸ் தன் கைத்தொலைபேசியில் அதைப் படம் பிடிக்கிறான். அவர்கள் எல்லாவற்றையும் அறிந்துதான் செய்கிறார்கள், பயப்பட ஒன்றுமில்லை என்று பிள்ளைகளுக்கு ஆறுதல் கூறுகிறான். சரிவு நிற்கவில்லை. மகன் தகப்பனைக் கூப்பிட்டு அலறுகிறான். தாய் இரு பிள்ளைகளையும் இழுத்து அணைத்துக்கொள்கிறாள். தகப்பன் மேசையில் இருந்த கையுறையையும் கைத்தொலைபேசியையும் எடுத்துக்கொண்டு ஓடிவிடுகிறான்.

திரை முழுவதும் வெண்மை. பின்னர் மெல்ல மெல்லப் புகார் விலகுகிறது. வந்தது பனியன்று, பனிப்புகை மட்டுமே. ஒருவருக்கும் காயமில்லை. சிரிப்பொலி கேட்கிறது. தோமஸ் மெதுவாகத் திரும்பி வந்து தன் கதிரையில் அமர்கிறான். ஒருவரும் ஒன்றும் பேசவில்லை. இவ்வளவும் அசையாத கமராவினால் ஒரே வீச்சில் எடுக்கப்பட்ட காட்சி. படத்தில் 'நடப்பது' இவ்வளவுதான் என்றுகூடச் சொல்லலாம். எஞ்சியதெல்லாம் அதைப் பற்றிய பேச்சு.

அன்றிரவு உணவின்போது எபா, அந்நியர் இருவர் முன்னிலையில், "இவர் எங்களை விட்டுவிட்டு ஓடினார்" என்று கதையைச் சொல்லிவிடுகிறாள். தோமஸ் சிரித்து மழுப்புகிறான். உன் நினைவு வேறு, என் நினைவு வேறு என்கிறான். பிள்ளைகள் கேளாதிருக்க இருவரும் அறைக்கு வெளியே தாழ்வாரத்தில் நின்று, இரவுடையுடன், நடந்தது என்னவென்று ஒரு பொதுவான அறிக்கை தயாரிக்கின்றனர்: பனிச்சரிவு வந்தது, பயந்தோம், எல்லோரும் நலம். ஓட்டம் பற்றி அதிற் சொல்லில்லை. விடுதியின் துப்புரவுத் தொழிலாளி ஒருவர் எட்ட நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார்.

பின்னர் தோமஸின் நண்பன் மற்ஸ், தன்னிலும் மிக இளையவளான காதலி பானியுடன் அவ்விடுதிக்கு வந்து சேர்கிறான். மீண்டும் எபா கதையைச் சொல்கிறாள். மீண்டும் தோமஸ் மறுக்கிறான். ஈற்றில் அவனுடைய கைத்தொலைபேசியிற் பதிவான காட்சியையே நால்வரும் பார்க்க நேர்கிறது. அதில் ஓடுபவனின் காலடியும் மூச்சும் உள்ளன. நண்பனைக் காக்க முயலும் மற்ஸ், குடும்பம் புதையுண்டால் தோண்டி எடுப்பதற்கு ஒருவர் வெளியே நிற்கவேண்டுமென்று எண்ணித்தான் தோமஸ் ஓடியிருப்பான் என வாதிடுகிறான். எமது வீட்டில் அவ்விடத்தில் எழுந்த சிரிப்பு பக்கத்து வீட்டாருக்கும் கேட்டிருக்கும். அன்றிரவே பானி மற்ஸைப் பார்த்து, நீயும் ஓடியிருப்பாய் என்று சொல்லிவிட, அவன் விடியும் வரை உறங்காது தன்னை நியாயப்படுத்திக்கொண்டிருக்கிறான். ஒரு தம்பதியின் நோய் மற்றைய சோடிக்கும் தொற்றிவிட்டது. இரு சோடிகள் சேர்ந்து விடுமுறைக்குப் போனால் நிகழ்வது இதுதான் என்று நண்பர் ஒருவர் தம் மனைவியைப் பார்க்காமலே சொன்னார்.

மேல்நாட்டு விமர்சகர்கள் இப்படத்தைப் பெரிதும் போற்றினர். பார்வையாளர் எல்லோரும் அவ்வாறிருக்கவில்லை. சிலர் இதை வேடிக்கைப் படமென்று வயிறு குலுங்கச் சிரித்தனர், சிலருக்கு அடுத்த வீட்டுச் சண்டையைச் சுவரோடு காது வைத்துக் கேட்பது போன்ற கூச்சம், சிலருக்குச் சலிப்பு. இப்படத்தால் மணமுறிவுகள் கூடவேண்டுமென்பதே தம் விருப்பமென்று நெறியாளர் அரைவாசி வேடிக்கையாகச் சொன்னார் எனப் பத்திரிகைகள் எழுதின. 2020இல் அமெரிக்கர் இதே கதையை ஒஸ்திரியா நாட்டு மலைக்கு மாற்றி 'டவுன்ஹில்' என்ற பெயரில் மீண்டும் எடுத்தனர். அதுபற்றி இங்கு எழுத வேண்டியதில்லை.

ஆண்மகன் முதலிற் பெண்களையும் பிள்ளைகளையும் காப்பான் என்ற நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பதைச் சற்று ஆராயலாம். 1852இல் தென்னாபிரிக்கக் கரையோரம் மூழ்கிய 'பேர்க்கன்ஹெட்' என்ற பிரித்தானியப் படைக்கப்பலில் படைவீரர் அணிவகுத்து நின்று பெண்களையும் பிள்ளைகளையும் படகேற்றினர் என்ற வரலாறு அதற்கோர் அடித்தளம். 1912இல் 'டைட்டானிக்' அதை உலகெங்கும் பரப்பியது. அக்கப்பலிற் பயணஞ்செய்த பெண்களுள் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் தப்பினர். ஆண்களுள் ஐந்தில் ஒரு பங்கினரே. ஆனால் 2012இல் சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர் இருவர் 1852 முதல் 2011 வரை நிகழ்ந்த 18 கப்பல் விபத்துகளை, 15,000க்கும் மேற்பட்டோரின் விபரங்களோடு ஆராய்ந்து வெளியிட்ட முடிவு வேறு. டைட்டானிக் விதியன்று, விதிவிலக்கு. மொத்தத்திற் பெண்கள் உயிர் தப்பிய விகிதம் ஆண்களின் விகிதத்தில் ஏறக்குறைய அரைப்பங்கே. எல்லோரிலும் குறைவாகத் தப்பியோர் பிள்ளைகள். 1994 செப்ரெம்பரில் போல்ற்றிக் கடலில் 'எஸ்தோனியா' மூழ்கி 852 பேர் மாண்டபோது உயிர் தப்பிய 137 பேருட் பெரும்பாலானோர் ஆண்கள். ஆகவே தோமஸ் ஒரு விதிவிலக்கான கோழையல்லன். சுவீடன் பார்வையாளர் சிலர் சிரிக்க முடியாமற் போனதற்கு இதுவும் காரணமாகலாம்.

இனி எமது வீட்டு நீதிமன்றம்.

முதற் சாட்சியம் வீட்டுக்காரரின் பெரியம்மாவுடையது. எண்பதை நெருங்குபவர்; சாய்கதிரையிற் கண்ணயர்ந்திருந்தார். படத்தில் இரவு வேளைகளில் மலையிலிருந்து 'டும்', 'டும்' என்று அந்த வெடியோசை திரும்பத் திரும்ப எழும். ஒவ்வொரு தடவையும் அவர் திடுக்குற்றெழுந்து, "எங்கையடா அடிக்கிறாங்கள்?" என்று கேட்டார். சுவீடன்காரருக்கு அவ்வோசை ஒரு பின்னணி. எம்முள் நாற்பது வயதைக் கடந்த அனைவருக்கும் அது முதுகுத்தண்டிற் கேட்டது. படத்தின் மறுபாதியை நாம் வேறு எவரும் பார்க்காத விதத்திற் பார்த்தோம் என்றே எண்ணுகிறோம்.

இந்நகரிற் பேருந்துச் சாரதியாகப் பணிபுரியும் நண்பர் தோமஸுக்காக வாதாடினார். "செல் விழேக்கை ஆர் ஆரைப் பார்த்தது? கால் தானாய் ஓடும். பிறகுதான் மூளை வரும். இதுக்கு ஒரு மனுசனைத் தூக்கிலை போடேலாது" என்றார். அதற்கு வீட்டுக்காரரின் துணைவியார் அடுப்படி வாசலில் நின்றவாறே சொன்ன மறுமொழி அன்றைய வாதத்தின் அச்சாணியாயிற்று. "கால் தானாய் ஓடினது சரி அண்ணை. கை ஏன் கையுறையை எடுத்தது? போனை எடுக்க ஞாபகம் வந்தவனுக்குப் பிள்ளையை எடுக்க ஞாபகம் வரேல்லையோ?"

சாரதியாரிடம் மறுமொழியில்லை. கையும் தானாக எடுக்கும் என்றார். எவரும் ஏற்கவில்லை.

மகளின் கருத்து எம்மை வியப்பிலாழ்த்தியது. இந்நாட்டிற் பிறந்து வளர்ந்த பிள்ளை மனைவியின் பக்கம் நிற்பாள் என்றே எதிர்பார்த்தோம். அவளோ, விருந்தினர் முன் கணவனை அவமானப்படுத்தியது கொடுமை, அறைக்குள் இருவரும் பேசித் தீர்த்திருக்கவேண்டும் என்றாள். மூத்த பெண்களோ எபாவின் பக்கம். "அறைக்குள்ளை கதைச்சால் அவன் ஓமெண்டு சொல்லானெல்லோ, பிள்ளை. அவளுக்குச் சாட்சி வேணும்" என்றார் ஒருவர். நாற்பது ஆண்டு மணவாழ்வின் அனுபவம் அக்குரலில் இருந்தது.

இன்னொரு நண்பருக்குப் படமே பிடிக்கவில்லை. அவர் பல ஆண்டுகளாக இரவு வேளைகளில் ஒரு விடுதியைத் துப்புரவு செய்பவர். "வயிறு நிறைஞ்ச ஆக்களின்ரை துக்கம். ஐஞ்சு நாள் மலையிலை நிக்கிற காசுக்கு நாங்கள் ஊரிலை ஒரு கிணறு வெட்டுவம்" என்றார். தாழ்வாரத்தில் எட்ட நின்று பார்த்த அத்தொழிலாளியைச் சுட்டி, "இந்தப் படத்திலை எங்கடை ஆள் அவன்தான். இவையள் அழுது முடிச்சாப் பிறகு அறையைத் துடைக்கிறவன்" என்றும் சொன்னார். அந்த மனிதருக்குப் படம் முழுவதிலும் தனிக்கதை ஏதுமில்லை. எந்தப் பத்திரிகையிலும் நாம் காணாத விமர்சனம் இது. முழு விமர்சனம் எழுத அவருக்குத்தான் நேரமில்லை.

இவ்வாறு வாதம் கலகலப்பாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான், அதுவரை ஒரு மூலையில் அமைதியாக அமர்ந்திருந்த தம்பதியர் பக்கம் பேச்சுத் திரும்பியது. கணவர் இந்நாட்டுக்கு வந்தது 1990இல். மனைவியும் மகனும் வந்தது 1996இல். இடையில் ஆறு ஆண்டுகள். எமது வாசகர்களுட் பலரின் கதை இதுதான் என்பதைச் சொல்லத் தேவையில்லை. அன்று இளைஞரைத்தான் பிடித்தனர். ஆகையால் ஆண்கள் முதலிற் புறப்பட்டனர். இருந்த காசு ஒருவர் பயணத்துக்கே போதுமானதாக இருந்தது. இது ஓட்டமன்று, குடும்பம் கூடிச் செய்த தீர்மானம். சாரதியார் விளையாட்டாக, "தங்கச்சி, உம்மடை ஆளும் முந்தி ஓடி வந்தவர்தானே, நீர் என்ன சொல்லுறீர்?" என்று கேட்டுவிட்டார்.

அவர் உடனே மறுமொழி கூறவில்லை. பின்னர் மெல்லச் சொன்னார்: "ஓடினது வேறை, அனுப்பினது வேறை அண்ணை. இவரை நான்தான் அனுப்பினனான். கொடியை வித்துப்போட்டு மஞ்சள் கயித்திலை தாலியைக் கோத்துக்கொண்டு அனுப்பினனான். அதிலை ஒரு குறையும் இல்லை. ஆனால் இங்கை வந்து இவ்வளவு காலத்திலை, நீ அங்கை ஆறு வருஷம் செல்லுக்குள்ளை பிள்ளையோடை தனிய நிண்டனி எண்டு இவர் ஒருநாளும் சொன்னதில்லை. கதை எடுத்தால், தான் ரஷ்யாவாலை வந்த கஷ்டத்தைத்தான் சொல்லுவார்."

எவரும் பேசவில்லை. கணவர் எழுந்து, மேசையிலிருந்த தேநீர்க் கோப்பைகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு அடுப்படிக்குட் போனார். (இதை எழுதலாமா என்று இருவரிடமும் கேட்ட பின்னரே எழுதுகிறோம்.)

தோமஸ் மீதுள்ள குற்றச்சாட்டு எதுவென்பது எமக்கு அப்போதுதான் சரியாக விளங்கியது. ஓடியதற்காக எபா அவனை வெறுக்கவில்லை. ஓடிவிட்டேன் என்று அன்று மாலையே சொல்லியிருந்தால், அவள் சிரித்து அழுது அதை மறந்திருப்பாள். அவன் மறுத்ததால், அந்தப் பத்து விநாடியில் தன் கண்கள் கண்டதே உண்மைதானா என்று அவள் ஐயுற நேர்ந்தது. பனிச்சரிவின் கீழ் பிள்ளைகளோடு தனியே இருந்தவள், அதன் பிறகு தன் நினைவோடும் தனியே விடப்பட்டாள். தோமஸ் ஈற்றில் தரையில் விழுந்து ஓவென்று கதறி, தானும் தன் இயல்பூக்கத்துக்குப் பலியானவன் என்கிறான். பிள்ளைகளோடு விளையாடும்போதுகூடத் தான் களவு செய்வதாகவும் ஒப்புக்கொள்கிறான். பிள்ளைகள் ஓடிவந்து அவன் மேல் விழுந்து அழுகின்றனர். அக்காட்சி சிலருக்குச் சிரிப்பை ஊட்டியது. இருவருக்குக் கண்ணீரை வரவழைத்தது. அழுத இருவரும் ஆண்கள்.

"மாஸ்டர், நீங்கள் ஒண்டும் சொல்லேல்லை" என்று வீட்டுக்காரர் எம்மிடம் கேட்டார். நாம் கமராவின் அசைவின்மை பற்றியும், படத்தில் இடையிடையே ஒலிக்கும் விவால்டியின் இசை பற்றியும் ஏதோ சொல்லிவைத்தோம். அது நேர்மையான மறுமொழியன்று. இங்கு அதைத் திருத்திக்கொள்கிறோம்.

1993ஆம் ஆண்டு. வலிகாமத்தில் ஒரு பாடசாலை, ஆறாம் ஆண்டு வகுப்பு, இரண்டாம் பாடவேளை. பொம்மரின் இரைச்சல் கேட்டது. வேப்பமரத்தடியில் 'ட' வடிவத்தில் வெட்டிய பதுங்குகுழி. பிள்ளைகளை வரிசையாக இறக்கிவிட்டு ஆசிரியர் கடைசியாக இறங்கவேண்டுமென்பது ஒழுங்கு. அவ்வொழுங்கைக் கரும்பலகையில் எழுதிப் படிப்பித்தவரும் நாமே. அன்று நாம் குழிக்குள் நின்றபோது எம் கையில் மிதிவண்டியின் திறப்பு இருந்தது. மேசையிலிருந்து அதை எடுத்தது நினைவில்லை, ஓடியதும் நினைவில்லை. எரிபொருட் தடையிருந்த அக்காலத்தில் மிதிவண்டி எமக்கு எவ்வளவு பெரிய சொத்து என்பதை வாசகர் அறிவர். இப்பத்தியில் 'நாம்' என்றெழுதுவது வழமை. இவ்விடத்தில் அந்த 'நாம்' ஒரேயொரு ஆள். வகுப்பிலிருந்த முப்பத்திரண்டு பிள்ளைகள் அதனுள் அடங்கார்.

பிள்ளைகள் வந்தார்கள். பதினொரு வயதான வகுப்பு மொனிற்றர் அவர்களை வரிசையாக இறக்கிவிட்டு, கடைசியாகத் தான் இறங்கி, எம்மைப் பார்த்து, "சேர், முப்பத்திரண்டு பேரும் வந்திட்டம்" என்றாள். குண்டுகள் ஒரு மைலுக்கு அப்பால் விழுந்தன. மறுநாட் காலைப் பிரார்த்தனையில் அதிபர் எமது பெயரைச் சொல்லி, பிள்ளைகளை ஒழுங்காகப் பதுங்குகுழிக்கு அழைத்துச் சென்ற ஆசிரியர் என்று பாராட்டினார். நாம் தலையை அசைத்து ஏற்றுக்கொண்டோம். அந்தப் பிள்ளை முன்வரிசையில் நின்றாள். அவள் எவருக்கும் சொல்லவில்லை. நாமும் இதுவரை எவருக்கும் சொல்லவில்லை. தோமஸுக்காவது அவன் கைத்தொலைபேசியிற் பதிவிருந்தது.

இதை அச்சுக்கு அனுப்புமுன் துணைவியாரிடம் வாசிக்கக் கொடுத்தோம். இருமுறை வாசித்தார். "திறப்பை எடுத்தது நல்லதுதான். இல்லாட்டில் பின்னேரம் என்னெண்டு வீட்டை வாறது?" என்றார். அது கேலியா ஆறுதலா என்று கேட்க எமக்குத் துணிவில்லை.

படத்தின் முடிவிலும் எமக்குள் உடன்பாடு ஏற்படவில்லை. கடைசி நாள் கடும் மூடுபனியில் நால்வரும் சறுக்கும்போது எபா காணாமற் போகிறாள். அவள் குரல் மட்டும் கேட்கிறது. தோமஸ் பிள்ளைகளை ஓரிடத்தில் நிறுத்திவிட்டுப் போய், அவளைத் தூக்கிக்கொண்டு வருகிறான். வந்ததும் அவள் எழுந்து, எதுவும் நேராதவள் போலத் தன் சறுக்குப் பலகைகளை எடுக்க நடக்கிறாள். அவள் உண்மையாகவே வழிதவறினாளா, அல்லது பிள்ளைகளின் கண்முன் தகப்பனை மீண்டும் தகப்பனாக நிறுத்துவதற்கு அவள் ஆடிய நாடகமா? எம்மிடையே இருந்த பெண்களுள் மூவர் நாடகமே என்றனர். ஆண்களுள் ஒருவருக்கேனும் அந்த எண்ணமே எழவில்லை.

அடுத்து ஊர் திரும்பும் பேருந்து. கொண்டை ஊசி வளைவுகளிற் சாரதி தடுமாறுகிறான். ஒரு பக்கம் பாதாளம். எபா பதறி எழுந்து, கதவைத் திறக்கச் சொல்லிக் கத்தி, முதல் ஆளாக இறங்கிவிடுகிறாள். பிள்ளைகள் வண்டிக்குள். ஐந்து நாளும் வழக்காடியவள் தானே அப்படி இறங்கியதைக் கண்டு சாரதியார் கைதட்டினார். வீட்டுக்காரரின் துணைவியாரோ, அவள் கையில் ஒன்றையும் எடுத்துக்கொண்டு இறங்கவில்லை என்று சுட்டிக்காட்டினார். பயணிகள் எல்லோரும் இறங்கி மலைப்பாதையில் நடக்கின்றனர். இரண்டாம் நாள் இரவு விருந்தில் இருந்த ஷார்லொட் என்ற பெண் மட்டும் வண்டியிலேயே போய்விடுகிறாள். நடந்துகொண்டே தோமஸ் ஒருவரிடம் சிகரெட் வாங்கிப் பற்றவைக்கிறான். மகன் நிமிர்ந்து பார்த்து, நீங்கள் புகைப்பீர்களா அப்பா என்று கேட்க, ஆம் என்கிறான்.

சாரதியாரின் இறுதித் தீர்ப்பு தோமஸைப் பற்றியதன்று. அந்த வளைவில் முதலாம் கியரில் மெதுவாகத் திருப்பத் தெரியாதவனுக்கு மலைப்பாதைக்கு உரிமம் கொடுத்தது ஆர் என்று விடைபெறும்வரை கேட்டுக்கொண்டிருந்தார். கொத்துரொட்டியை மீண்டும் சூடாக்கி உண்டோம். புறப்படும் வேளையில், இறுவட்டைச் செவ்வாய்க்கிழமை நூலகத்திற் கொடுக்கவேண்டும் என்று மகள் நினைவூட்டினாள். அந்த ஆறு ஆண்டுத் தம்பதியர் சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்தனர். செவ்வாய் தானே, அதுவரை தமக்குத் தரமுடியுமா, வீட்டில் ஒருமுறை ஆறுதலாகப் பார்க்கவேண்டும் என்று கேட்டு, அதை வாங்கி மேலங்கிப் பையில் வைத்துக்கொண்டவர் கணவர்.